இரண்டு பேர் சொன்னால்தான் சரித்திரம்

1

இந்த வருஷத்துத் தாளும் வந்துவிட்டது. எஸ்தர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். காற்றில் பறந்துவிடாமல் உப்பு ஜாடியை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் கையில் கொடுக்கவில்லை. போன வருஷம் நடந்ததற்குப் பிறகு இந்தத் தாளை என்னிடம் நேராக நீட்ட அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது போலும்.

நாங்கள் மலாய் நாட்டில் ஈப்போ பட்டணத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரயில் இலாகாவில் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தடத்தில் போகவேண்டுமோ அதற்கேற்பத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுவது அவர் வேலை. எனக்குச் சொந்த ஊர் பூந்தமல்லி. அவருக்குப் பாடி. பொங்கல் கழிந்த வாரத்தில்தான் நாங்கள் பினாங்குத் துறையில் இறங்கினோம். வருஷா வருஷம் அந்த நாளில் அவர் ஆட்டுக்கறி வாங்கி வருவார். ஏன் என்று கேட்டால், "கடல் நம்மள முழுங்காத நாளு, சாப்புடணும்" என்பார்.

போன வருஷம் அந்தக் கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோதுதான் முதல் தாள் வந்தது.

எஸ்தர் படிக்கும் பெண்கள் பள்ளியில் மேல் வகுப்பில் நன்றாகப் படிக்கிற சிலரைப் பொறுக்கி, விசேஷ சரித்திர வகுப்பு என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அதில் தேறியவர்களை உபாத்தியாயினிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. எங்கள் ரயில் வீட்டு வரிசையிலிருந்து இரண்டு பெண்களுக்கு இடம் கிடைத்தது. ஒருத்தி எஸ்தர். இன்னொருத்தி பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்காவின் மகள் சரசு. ராஜம்மாள் ஆவடிக்கு அருகே கோவில்பதாகையில் பயிர் வைத்த குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் புருஷன் கோவிந்தன் ஒரு கிளைத் தடத்தில் கேட் திறந்து மூடுகிறவர்.

தாள் முழுவதும் இங்கிலீஷ். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இன்னா எழுதிக்கீது? தமிழ்ல சொல்லு" என்றார் அவள் அப்பா.

எஸ்தர் சொன்னாள். பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வரவேண்டும். குறிப்புச் சொல்லி எழுதவைப்பது கிடையாது. புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதை எழுதியவர் யார், அப்படி எழுதியதில் அவருக்கு என்ன லாபம் என்றும் சொல்லவேண்டும். காய்ச்சலோ சாவோ தவிர வேறு காரணத்துக்காகக் கட்டுரை தாமதமானால் வாங்கமாட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து எழுதினால், எழுதினவளையும் காட்டினவளையும் சேர்த்து வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள்.

"நல்லதுதானே" என்றேன் நான்.

"இன்னும் ஒண்ணு கீதும்மா. முதல் கட்டுரை, நம்ம குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்துதுன்னு. எந்த வருஷம், எந்தக் கப்பல், யாரு கூப்ட்டாங்க, எல்லாம் பெரியவங்கள கேட்டு எழுதணும். எவிடன்ஸ் வேணும்." அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடிக் கொஞ்சம் தடுமாறினாள். "சாட்சி. ரெண்டு பேரு சொன்னாத்தான் ஏத்துக்குவாங்க. ரெண்டு பேரு வேற வேற சொன்னா ரெண்டையும் எழுதணும்."

அவள் அப்பா கறித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னாடி இது, சரித்திர கிளாஸா, போலீஸ் டேசனா?"

2

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அது தெரியவேண்டும்.

ரப்பர் விலையும் ஈயத்தின் விலையும் விழுந்துபோன காலம் அது. தோட்டங்களில் ஆள் வேண்டாம் என்றார்கள். வேலை போனவர்களை மூட்டை முடிச்சோடு ரயிலில் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அந்த வண்டிகளுக்குத் தடம் திருப்பிவிட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வேலை முடிந்து வந்து, இன்றைக்கு எத்தனை பெட்டி போனது என்று மட்டும் சொல்லுவார். பிறகு ரயில் இலாகாவிலும் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இங்கேயே பிறந்தவர்களை விட்டுவிடுவார்கள், தோட்டக்கூலியாக வந்து பிறகு ரயிலுக்கு மாறினவர்களை முதலில் அனுப்புவார்கள் என்றார்கள். எங்கள் வரிசையில் எல்லாருமே அப்படி வந்தவர்கள்தான்.

அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடம், எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்டால் என்ன நினைப்பது?

நான் எட்டாவது வரை படித்தவள். பூந்தமல்லிப் பக்கம் நான் படித்த பள்ளியில் சரித்திர வகுப்பு இப்படி இருந்ததில்லை. அங்கேயும் விதிகள் உண்டு. கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. புத்தகத்தில் உள்ளதற்கு ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்ஸ்பெக்டர் வரும் வாரத்தில் டீச்சரம்மா ஆளுக்கொரு கேள்வியைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். என் பங்குக்கு ஒரு நவாப்பின் மரணம் வந்தது. கிணற்றடியிலும், குமணன்சாவடிச் சந்தைக்குப் போகும் வழியிலும் அந்த நவாப்பை நான் சாகடித்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைப் பார்த்து, "உன் ஊரின் பெயர் என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டார். அது என் பங்கு இல்லை. யாருடைய பங்கும் இல்லை. நான் நவாப் இறந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் பேசவேண்டும் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இன்றைக்கும் கடைக்காரனிடம் விலை கேட்கக்கூட எஸ்தரைத்தான் முன்னால் தள்ளுகிறேன்.

கேள்வி கேட்கிறவர்கள் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை, பிடிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது. கடல் தாண்டியும் அது போகவில்லை.

3

சந்தேகத்துக்கு நெய் வார்த்தவள் ராஜம்மாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னைத் தனியாக இழுத்தாள்.

"ரூத்து, அந்த டீச்சரம்மா யாரு தெரியுமா? யாழ்ப்பாணத்துக்காரம்மா. அவங்க அண்ணன் லேபர் ஆபீஸ்ல கீறாராம். ஆளுங்கள கப்பல் ஏத்தி உடற ஆபீஸு! இப்ப பிரியுதா?"

எனக்குப் புரிந்தது. அண்ணன் ஆபீசில் உட்கார்ந்து கேட்டால் நாம் சொல்லமாட்டோம். தங்கை வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் நம் பிள்ளைகளே எழுதிக்கொடுப்பார்கள்.

"எழுதலன்னா?" என்று கேட்டேன்.

"கிளாஸ்ல இருந்து நிறுத்திடுவாங்க. எம்பொண்ணு டீச்சராவணும்னு நான் எத்தினி நாளா நெனச்சிகினு கீறேன்? எழுதுவோம். ஆனா நாம சொல்றத எழுதட்டும்."

அங்கேயே ஒரு தாத்தாவை உண்டாக்கினாள். பாய்மரக் கப்பல் காலத்திலேயே பினாங்குக்கு வந்தவர் அவர். ஒரு வெள்ளைக்கார டாக்டருக்குச் சமையல்காரர். கப்பலில் ஒரு பசுமாட்டையும் கூடக் கொண்டுவந்தார். புயலில் எல்லாரும் வாந்தி எடுத்தபோது மாடு மட்டும் அசையாமல் நின்றது. ஆகவே நாம் இந்த மண்ணில் மூன்று தலைமுறை.

"ரெண்டு சாட்சி வோணுமில்ல? உனக்கு நான் சாட்சி, எனக்கு நீ சாட்சி. ரெண்டு ஊட்லயும் ஒரே தாத்தா. எவன் வந்து கேட்டாலும் ஒரே பேச்சு. மாறாது."

இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எல்லாரும் ஒரே பதிலைப் பாடம் பண்ணுவது எங்களுக்குப் பழக்கம். அப்படித்தான் வளர்ந்தோம். எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் அது சரியான பதில்.

எஸ்தர் அழுதாள். "அம்மா, இது பொய். மிஸ் கண்டுபிடிச்சிடுவாங்க. சூசாம்மா!" சூசா என்றால் மலாய் பாஷையில் கஷ்டம். கஷ்டம் வந்தால் இவள் மலாயில் சொல்கிறாள், கோபம் வந்தால் இங்கிலீஷில் சொல்கிறாள். பசிக்கு மட்டும்தான் தமிழ் மிச்சம் இருக்கிறது.

"நைனா சொல்றத எழுது" என்றார் அவள் அப்பா. எழுதினாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

4

இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கும் கோவிந்தனுக்கும் டூட்டி. நானும் ராஜம்மாளும் போனோம்.

அந்தச் சரித்திர டீச்சர் மிஸ் தங்கம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை, கண்ணாடி. மேஜையில் இரண்டு கட்டுரைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"வாங்கோ. இருங்கோ" என்றாள். நாங்கள் உட்காரவில்லை. "ரெண்டு பிள்ளைகளும் ஒரே அப்புவைப் பற்றி எழுதியிருக்கினம். ஆர் ஆரைப் பார்த்து எழுதினது?"

நான் கட்டுரைகளையே பார்த்தேன். ராஜம்மாள் முந்திக்கொண்டாள்.

"பாத்து எழுதலம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா."

"நீங்கள் சைவம். இவை வேதக்காரர்."

"அது இன்னான்னா... அவரு ஞாயித்துக்கெழம மட்டும் மாதா கோயிலுக்குப் போவாரு."

"மற்ற நாளில?"

"மத்த நாளு எங்களோட."

மிஸ் தங்கம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்தப் பசு?" என்றாள். "சரசு அதுக்கு லட்சுமி எண்டு பேர் எழுதியிருக்கிறாள். எஸ்தர் மார்த்தா எண்டு எழுதியிருக்கிறாள்."

ராஜம்மாள் என்னைப் பார்த்தாள்.

"பார்த்து எழுதினது எண்டு வைச்சால் ரெண்டு பேரையும் நிப்பாட்ட வேணும். அது நான் போட்ட விதி. நல்ல பிள்ளைகள். நிப்பாட்ட எனக்கு மனமில்லை. ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

அந்த அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. சுவரில் ஒரு உலகப்படம் இருந்தது. திடீரென்று பூந்தமல்லி வகுப்பில் நிற்பதுபோல் இருந்தது. இந்த முறை என் பங்கு எனக்கே தெரிந்திருந்தது. சொன்னவர் யார், சொன்னதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கவேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது.

"மிஸ்... உங்க அண்ணன் லேபர் ஆபீஸ்ல கீறாரா?"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ராஜம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓம்" என்றாள் மிஸ் தங்கம்மா.

"இந்தக் கட்டுரைங்கள அவரு கேட்டாரா?"

பேனாவை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"கேட்டவர். வாசிக்கத் தா எண்டு கேட்டவர். நான் குடுக்கேல்லை. குடுக்கவும் மாட்டன்."

"அதுக்கு ரெண்டாவது சாட்சி?"

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "இல்லை" என்றாள். பிறகு, "திரும்ப எழுதட்டும். வருஷமும் வேண்டாம், கப்பலின்ர பேரும் வேண்டாம். மறந்த இடத்தில மறந்தம் எண்டு எழுதலாம். பொய் மட்டும் வேண்டாம். திருத்தி முடிச்சவுடனை கட்டுரையை வீட்டுக்கே அனுப்பிவிடுவன்" என்றாள்.

வெளியே வந்ததும் ராஜம்மாள் வெடித்தாள். "பாத்தியா? அண்ணன் கேட்டான்னு அவளே ஒத்துக்கினா! எம்பொண்ணு இனிமே அந்தக் கிளாஸுக்குப் போவமாட்டா. ஊட்ல குந்திகினு தையல் கத்துக்கட்டும்."

நான் வேறு மாதிரி யோசித்தேன். பிடிக்க நினைப்பவள், அண்ணன் கேட்கவே இல்லை என்றல்லவா சொல்லியிருப்பாள்? ஆனால் இன்னும் கெட்டிக்காரியாக இருந்தால், நம்பவைப்பதற்காகவே உண்மையைக் கொஞ்சம் கொடுப்பாள். வீடு வந்து சேரும்வரை இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தேன்.

5

மறுநாள் சரசு பள்ளிக்குப் போகும்போது சரித்திரப் புத்தகத்தை எஸ்தரிடம் கொடுத்தாள். "மிஸ் கிட்ட குடுத்துடு. நானு அந்தக் கிளாஸ்ல இல்ல" என்றாள். அழவில்லை. எஸ்தர்தான் அழுதாள். அதைப் பார்த்த பிறகு நான் என் வீட்டுக்காரரிடம் பேசினேன்.

"நம்ம பொண்ணு எழுதட்டும். நெசத்த எழுதட்டும்."

"கப்பல் ஏத்திட்டா?"

"பொய் எழுதுனாலும் ஏத்துவான். அப்போ பொண்ணுக்கு கிளாஸும் போயிருக்கும்."

அவர், "சரி, கேளு" என்று எஸ்தரைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து சாப்பிட்டபின் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாடியில் செங்கல் சூளையில் வேலை செய்ததை அவர் சொன்னார். அந்தச் சூளைக்கு மண் ஓட்டி வந்த கோவிந்தன் முதலில் மலாய்க்குப் போய், இங்கே வா, வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதைச் சொன்னார். தோட்டத்தில் இருந்தது, பிறகு கோவிந்தனே ரயிலில் சேர்த்துவிட்டது எல்லாம் சொன்னார். கப்பலில் நான் மூன்று நாள் அழுதேன் என்றார்.

"நானா? நீங்கதான் போர்வய போத்திகினு அழுதீங்க" என்றேன்.

"ஐய, உப்புத்தண்ணி மூஞ்சில அடிச்சிது."

"போர்வைக்குள்ள இன்னா உப்புத்தண்ணி?"

எஸ்தர் சிரித்துக்கொண்டே எழுதினாள். "ரெண்டும் வேற வேற. ரெண்டையும் எழுதறேன்" என்றாள். தன் அப்பா அழுதிருக்கக்கூடும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் எங்களிடம் முழுத் தமிழில் பேசினாள்.

கோவிந்தன் பெயரை அவள் எழுதியதை நான் பார்த்தேன்.

"பேரு வேணுமா?"

"யாரு கூப்ட்டாங்கன்னு கேட்டிருக்காங்கம்மா. ஆவடி கோவில்பதாகை கோவிந்தன்னு போட்டாத்தான் எவிடன்ஸ்."

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னபடியே கட்டுரை வீட்டுக்குத் திரும்பி வந்தது. சிவப்பு மையில் நல்ல மார்க்கு. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாராவது மடித்த தடம், வேறு மையின் கறை, ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

6

மழைக்காலம் தொடங்கியபோது கோவிந்தனுக்கு உத்தரவு வந்தது. அந்தக் கிளைத் தடத்தை மூடுகிறார்கள், கேட் வேண்டாம், குடும்பத்தோடு ஊருக்குப் போகலாம், கப்பல் டிக்கெட்டு இலவசம்.

வரிசையில் வேறு யாருக்கும் வரவில்லை.

நான் எலுமிச்சைச் சோறு கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனேன். கோவிந்தன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சரசு எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜம்மாள் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"ரூத்து, ஒண்ணு கேக்கறேன். உம்பொண்ணு எழுதுன காயிதத்துல எங்க பேரு இருந்திச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"இருந்திச்சுக்கா. அவருதான் கூப்ட்டாருன்னு எழுதியிருந்திச்சு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கூப்ட்டு வந்தது நாங்க. நீங்க இங்க கீறீங்க, நாங்க போறோம்" என்று மட்டும் சொன்னாள். "சரசு, ஏறு." சோற்றுப் பொட்டலம் பெஞ்சிமேலேயே இருந்தது. வண்டி நகர்ந்தது. தடத்தைத் திருப்பிவிட்டவர் என் வீட்டுக்காரர். அன்று வீட்டுக்கு வந்தும் அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு மிஸ் தங்கம்மாவிடம் நானாகப் போய்க் கேட்டேன். கட்டுரை தன் அலமாரியைவிட்டு வீட்டுக்குத் தவிர வேறெங்கும் போகவில்லை என்றாள். என் வீட்டுக்காரர், "தடத்த மூடினான், ஆள அனுப்புனான், காயிதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்கிறார். இரண்டு பேர் ஒன்றுபோலச் சொல்லிவிட்டார்கள். விதிப்படி நான் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் அதே தாளில், சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று பார்க்கவும் சொல்லியிருக்கிறதே. மிஸ் தங்கம்மாவுக்கு அவள் பேர் கெடக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு நான் நிம்மதியாக உறங்கவேண்டும். எஸ்தர் இப்போது வகுப்பில் முதலாவதாக இருக்கிறாள். அந்த இடத்தில் சரசுவும் இருந்திருக்கவேண்டும்.

உப்பு ஜாடியை நகர்த்தி, இந்த வருஷத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வாங்கமாட்டார்கள்.

இந்தப் பத்திரிகை ஆவடிப் பக்கமும் போகும் என்று நினைக்கிறேன். உங்களில் யாராவது கோவில்பதாகைக்குப் போனால், மலாயிலிருந்து திரும்பி வந்த ராஜம்மாள் வீடு எது என்று கேளுங்கள். நான் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவளுக்கு எழுத்து வராது, சரசு பக்கத்தில் இருந்தால் அவளே படிப்பாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். நான் சொன்னதும் அவள் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி வைக்கவேண்டும். அதுதான் அந்த வகுப்பின் விதி.